பண்ணைப் பாலத்தில் இறுகும் நெஞ்சு

நீங்கள் நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். இளமையில் இருந்த சுய இன்பப் பழக்கம், உதிரும் தலைமயிர், எட்டு மாதமாகக் குறைந்து வரும் விறைப்பு, கனடாவிலிருந்து நண்பர் கொண்டுவரவிருக்கும் ஓமோன் ஊசி எல்லாம் அதில் விரிவாக உள்ளன. ஆனால் என்னை நிறுத்திய வரி கடைசிப் பக்கத்தின் அடியில் இருந்தது: சோளகக் காற்றுக்கு எதிராக யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தில் சைக்கிள் உழக்கும்போது நெஞ்சு இறுகுவதாகவும், இறங்கி நின்றால் சில நிமிடங்களில் விட்டுவிடுவதாகவும், வாயுத் தொல்லை என்றெண்ணி ஓமத்தண்ணீர் குடிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

48 வயதில், பத்து வருடச் சலரோகத்தோடு இன்னும் புகைக்கும் ஒருவருக்கு உழைக்கும்போது வந்து ஓய்வில் மறையும் நெஞ்சு இறுக்கம், வேறு காரணம் உறுதியாகும் வரை இதயத்தினுடையதே. விறைப்புக் குறைந்ததும் பெரும்பாலும் அதே கதைதான். ஆணுறுப்புக்குள் செல்லும் நாடிகளின் விட்டம் ஏறக்குறைய 1 முதல் 2 மில்லிமீற்றர். இதயத் தசைக்கு இரத்தம் கொடுக்கும் முடியுரு நாடிகளுக்கு அது 3 முதல் 4 மில்லிமீற்றர். நாடிச் சுவரைக் கெடுக்கும் நோய் ஒன்றே என்றாலும் ஒடுங்கிய குழாயில் அது முதலில் தெரியவரும். இதய நோயின் அறிகுறி பல வேளைகளில் இரண்டு முதல் ஐந்து வருடம் கழித்தே வரும். விடியற்காலை விறைப்பும் அற்றுப்போனதாக நீங்கள் சொல்வதால், மனப்பயத்தைக் காட்டிலும் இரத்தக் குழாய்களையே நான் சந்தேகிக்கிறேன்.

சுய இன்பம் நரம்பைத் தளர்த்தாது. தலைமயிர் உதிர்வது பெரும்பாலும் பரம்பரை. இந்தப் பயத்தை விற்றே பிழைக்கும் காணொளிகளைப் பார்ப்பதை நிறுத்துங்கள்.

டெஸ்டோஸ்டிரோன் குறைந்துவிட்டது என்று நீங்கள் அனுப்பிய அறிக்கை, பிற்பகல் நான்கு மணிக்கு எடுத்த இரத்தத்தினுடையது. அந்த ஓமோன் காலையில் உயர்ந்து மாலையில் இறங்குவது. வெறும் வயிற்றோடு காலை 7 முதல் 11 மணிக்குள், இரு வெவ்வேறு நாட்களில் பார்த்து, இரண்டிலும் குறைவாக இருந்தால் மட்டுமே அதைப் பற்றிப் பேசலாம். பரிசோதனை இல்லாமல் அந்த ஊசியைப் போட்டால், வெளியிலிருந்து வரும் ஓமோனைக் கண்டு மூளையடிச் சுரப்பி விதைகளுக்கு அனுப்பும் தன் கட்டளையை நிறுத்திவிடும். விதைகள் சுருங்கும், விந்தணு உற்பத்தி குறையும், இரத்தமும் தடிக்கக்கூடும். இரண்டாவது பிள்ளைக்கு முயன்றுகொண்டே இதையும் தேடுவது எனக்கு விளங்கவில்லை.

பாமசியில் மருத்துவரின் துண்டில்லாமல் வாங்கிய, விறைப்புக்கான நீலக் குளிசையை (வயாக்ரா) இதயப் பரிசோதனை முடியும் வரை தொடவேண்டாம். அதைப் போட்ட 24 மணித்தியாலத்துக்குள் நெஞ்சுவலிக்காக நாக்கின் கீழ் வைக்கும் நைத்திரேற்றுக் குளிசை தரப்பட்டால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு விழும். விறைப்புக்கென்று விற்கப்படும் லேகியங்களிலும் அதே மருந்தை இரகசியமாகக் கலப்பவர்கள் உண்டு; ஆகவே எதைச் சாப்பிட்டிருந்தாலும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

இந்த வாரமே போதனா வைத்தியசாலைக்குச் சென்று, முதலில் நெஞ்சு இறுக்கத்தைச் சொல்லுங்கள், விறைப்பைப் பிறகு சொல்லலாம். ஓய்வில் எடுத்த ஈசிஜி சரியாக வந்தால் அதோடு திரும்பிவிடாமல், நடக்க வைத்துப் பார்க்கும் பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள். இருக்கும் இடத்திலேயே இறுக்கம் வந்து பதினைந்து நிமிடம் நீடித்தால், அல்லது வியர்வையும் மூச்சுத் திணறலும் சேர்ந்தால், ஓமத்தண்ணீர் தேடாமல் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்தை அழையுங்கள். அதுவரை சைக்கிள் வீட்டிலேயே நிற்கட்டும்.