ராபர்ட் ஹூக்: கேள்வி பதில்

கேள்வி: பள்ளியில் சுருள்வில் விதியோடு ஹூக்கை முடித்துவிடுகிறார்கள். அவர் செய்தது அவ்வளவுதானா?

பதில்: இல்லை. பதினேழாம் நூற்றாண்டு ஆங்கில அறிவியலாளரான ஹூக், 1662 முதல் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்தின் சோதனைப் பொறுப்பாளராக இருந்தவர். நுண்ணோக்கியில் கண்டவற்றை விவரித்து 1665-இல் வெளியிட்ட 'மைக்ரோகிராஃபியா' என்ற நூலில், பேனாக்கத்தியால் தக்கையை மெல்லச் சீவி, அது வெண்மையானது என்பதால் கறுப்புத் தட்டின்மேல் வைத்துப் பார்த்ததாகவும், அங்குலத்தின் பதினெட்டில் ஒரு பங்குக்குள் சுமார் 60 அறைகளை எண்ணியதாகவும் எழுதுகிறார். கணக்கிட்டால் ஒரு கன அங்குலத்துக்கு 120 கோடிக்கு மேல் வரும். 'செல்' என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான். ஆனால் அவர் கண்டவை இறந்த செல்களின் சுவர்கள் மட்டுமே என்பதை மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: ஹூக்கின் உருவப்படத்தை நியூட்டன் எரித்தது உண்மையா?

பதில்: சான்று இல்லை. 1703 மார்ச்சில் ஹூக் இறந்தார். அதே ஆண்டு இறுதியில் நியூட்டன் சொசைட்டியின் தலைவரானார். ஹூக்கினுடையது என்று ஐயமின்றி ஏற்கப்பட்ட படம் எதுவும் இன்று இல்லை. இம்மூன்றையும் முடிச்சுப்போட்டுக் கட்டிய கதை அது.

கேள்வி: ஈர்ப்பு விதியை ஹூக்கிடமிருந்து நியூட்டன் திருடினார் என்று நேராகச் சொல்லிவிடலாமே?

பதில்: சொல்ல முடியாது. 1679 இறுதியில் ஹூக் அனுப்பிய கடிதம், கோளின் இயக்கத்தைத் தொடுகோட்டுத் திசையில் செல்லும் வேகமாகவும் மையத்தை நோக்கிய ஈர்ப்பாகவும் பிரித்துக் காட்டியது. பதிலெழுதிய நியூட்டன், பூமிக்குள் தடையின்றி விழும் பொருள் சுருளாகச் சுழன்று மையத்தை அடையும் என்று வரைந்தார். அது நீள்வட்டத்தை ஒத்த பாதையில் செல்லும் என்று ஹூக் திருத்தினார். ஈர்ப்பு தொலைவின் வர்க்கத்துக்கு எதிர்த்தகவில் குறையும் (தொலைவு இரு மடங்கானால் ஈர்ப்பு நான்கில் ஒன்றாகும்) என்று 1680 ஜனவரியில் எழுதியவரும் அவரே. ஆனால் அதிலிருந்து நீள்வட்டப் பாதையை நிறுவும் கணிதம் ஹூக்கிடம் இல்லை.

கேள்வி: நிறுவாதவருக்கு எதற்குப் பங்கு? ஊகம் யாரும் செய்யலாம்.

பதில்: எதிர்த்தகவு விதியை மட்டும் சொன்னால், தாங்கள் சொல்வது பொருந்தும்; நியூட்டனே முன்பே வட்டப் பாதைக்கு அதைக் கணக்கிட்டிருந்தார். ஆனால், மையத்திலிருந்து விலகும் முனைப்பைப் பற்றியே அதுவரை பேசிவந்த நியூட்டனை மையம் நோக்கிய இழுப்பின் பக்கம் திருப்பியது ஹூக்கின் கடிதம். கணக்கைச் சரியாக அமைத்துக் கொடுப்பதை ஊகம் என்று ஒதுக்குவது நியாயமன்று.

கேள்வி: கேரளத்துக் கணித அறிஞர் மாதவரைப் பற்றிச் சொல்வீர்களா?

பதில்: அது என் துறையன்று, இந்தியக் கணித வரலாறு அறிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: படத்தை எரித்தது நியூட்டன்தானே?

பதில்: இரண்டாம் பதிலைப் படியுங்கள்.