மெண்டோசாவின் கடைமடை

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் பணி ஓய்வு பெற்றேன். உடன் வேலை பார்த்தவர்கள் அர்ஜென்டினாவின் மெண்டோசாவில், லுஹான் தே குயோ பகுதியில் விளைந்த விலையுயர்ந்த மால்பெக் ஒயின் ஒன்றைப் பரிசளித்தார்கள். 'ஆண்டிஸ் பனிநீரில் விளைந்தது' என்று லேபிளில் இருக்கிறது. திறக்கத் தயக்கமாக இருக்கிறது. இவ்வளவு விலைக்குத் தகுமா? எதோடு குடிப்பது? ஆளில்லாப் பாலைவனத்தில் பிரெஞ்சுக்காரர்களும் இத்தாலியர்களும் உருவாக்கிய பாரம்பரியம் என்று படித்தேன். பிரமிப்பாக இருந்தது.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஓய்வுக்கு வாழ்த்துகள். பிரியமாகக் கொடுத்ததை அலமாரியில் பூட்டி வைத்துவிட்டு என்னிடம் அனுமதி கேட்கலாமா? பரிசுக்கு விலை பார்க்காதீர்கள்.

ஆனால் 'ஆளில்லாப் பாலைவனம்' என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? சில நாட்களாக நானும் அந்த மண்ணைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். 1853-ல் மால்பெக் திராட்சைக் கொடியைக் கொண்டுவந்தவர் மிஷேல் பூஷே என்ற பிரெஞ்சுக்காரர்தான். 1885-ல் ரயில் வந்ததும் இத்தாலியர்கள் பெருகினார்கள். சரி. ஆண்டுக்குச் சுமார் 200 மில்லிமீட்டர் மழை பெய்யும் மண்ணில் கொடி எதைக் குடித்து வளர்ந்தது?

ஆண்டிஸ் மலையில் பனி உருகி வரும் மெண்டோசா ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டி, ஸ்பானியர் வருமுன்பே மக்காச்சோளம் விளைவித்தவர்கள் அங்கிருந்த பூர்வகுடிகளான வார்ப்பே மக்கள். 1561-ல் ஸ்பானியர் நகரம் அமைத்தது அந்த வாய்க்கால்களை நம்பித்தான். பிறகு அதே மக்களைக் கட்டாய வேலைக்காக மலை தாண்டி சிலிக்கு நடத்திக் கூட்டிப்போனார்கள்.

அந்த ஊர்த் தெருக்களில் இன்றும் சாலையோரம் திறந்த வாய்க்கால் ஓடுகிறது, அசேகியா என்பார்கள். பார்க்காமல் காரிலிருந்து இறங்கினால் கால் அதற்குள்தான் போகும். தோட்டங்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுபவர் தொமேரோ. நான் போயிருந்தபோது ஒருவர் இரும்பு மடைப்பலகையைத் தூக்கிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி கரையிலேயே நின்றார். அடுத்த தோட்டக்காரர் மண்வெட்டியோடு தயாராக இருந்தார். நேரம் தவறினால் சண்டைதான்.

முறை கிடைத்தவர்கள் கதை இது. கடைமடையில் இருந்தவர்களை யார் கேட்டார்கள்? ஆறு போய்ச் சேரும் குவானகாச்சே ஏரிகளில் வார்ப்பே மக்கள் கோரைத் தெப்பத்தில் போய் மீன் பிடித்து வாழ்ந்தார்கள். மேலே பாசனத்துக்குத் தண்ணீரைத் திருப்பத் திருப்ப, இருபதாம் நூற்றாண்டில் அந்த ஏரிகள் வற்றிப்போயின. அவர்களின் சந்ததியினர் அந்த வறண்ட நிலத்தில் இன்று ஆடு மேய்க்கிறார்கள். உங்கள் லேபிளில் இருக்கும் பனிநீர் அவர்களுக்கும் போயிருக்க வேண்டியது. பாரம்பரியம் என்று பேசினால் அந்த ஏரிகளிலிருந்து தொடங்குங்கள், ஐயா. ஒரு விளம்பரத்தைப் படித்துவிட்டு பிரமித்து நிற்கும் வயதா உங்களுக்கு?

அப்புறம், எதோடு குடிப்பது? அங்கே மாட்டிறைச்சியைத் தணலில் வாட்டித் தின்பார்கள். உங்கள் வீட்டு மட்டன் சுக்கா தாராளமாகப் போதும், காரத்தை மட்டும் குறைக்கச் சொல்லுங்கள். திறந்தால் இரண்டு மூன்று நாளுக்குள் காலி செய்துவிட வேண்டும். பரிசு கொடுத்தவர்களையே ஒரு சனிக்கிழமை வீட்டுக்குக் கூப்பிடுங்கள்.