கழுத்து வலிக்காமல் வீட்டில் எலெக்ட்ரோனிக்ஸ் வேலை மேசை அமைப்பது எப்படி?

மேசை எத்தனை அடி, எத்தனை லாச்சி என்று கேட்டிருக்கிறீர்கள். நான் உயரத்தில் இருந்து தொடங்குகிறேன். பட்டது அதில்தான்.

எனக்கு வீடு திருகோணமலையில், உப்புவெளிப் பக்கம். பின்னேரங்களில் ரேடியோ, சார்ஜர், மீன்பிடிப் படகுகளில் இருந்து வரும் ஜிபிஎஸ் என்று ஏதாவது திருத்திக்கொண்டிருப்பேன். முதல் இரண்டு வருடம் பழைய சாப்பாட்டு மேசையில்தான் வேலை. உயரம் 75 செ.மீ., சோறு தின்ன அளவான உயரம். சோல்டர் பிடிக்கும்போது, அதாவது உலோகத்தை உருக்கிப் பாகங்களை ஒட்டும்போது, சர்க்யூட் போர்ட் கீழே கிடக்கும், தலை அதைத் தேடிப் போகும். "என்னப்பா, கோழி கொத்துற மாதிரி இருக்கிறீங்கள்" என்று மனைவி சொன்னபோது சிரித்தேன். அடுத்த மாதம் கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

கதிரையில் நிமிர்ந்து இருந்து, தோளைத் தளர விட்டு, முழங்கையை மடக்கிப் பாருங்கள். டைப் செய்கிற வேலைக்கு மேசை முழங்கை மட்டத்தில் இருந்தால் போதும். நுண்ணிய வேலைக்கு அதற்கு மேல் 5 முதல் 10 செ.மீ. வேண்டும். அப்போதுதான் முன்கை மேசையில் தங்கும், கை நடுங்காது. தச்சுப் பட்டறையில் நாலு கழிவுத் துண்டு வாங்கி மேசைக் கால்களுக்குக் கீழே கொடுத்து 8 செ.மீ. உயர்த்தினேன், அவ்வளவுதான். கதிரையை உயர்த்தாதீர்கள், செய்த வேலை வீணாகிவிடும்.

அப்புறம் லென்ஸ் விளக்கு. லென்ஸின் சக்தியை டயோப்டர் என்று அளப்பார்கள். பெரிதாகத் தெரியட்டும் என்று 5 டயோப்டர் வாங்கி ஏமாந்தேன். அது போர்டில் இருந்து 20 செ.மீ.க்குள் நின்றால்தான் தெளிவு, அந்த இடைவெளிக்குள் கையும் சோல்டர் அயனும் முட்டிக்கொள்ளும். 3 டயோப்டர் என்றால் 33 செ.மீ. வரை இடம் கிடைக்கும். பல்பு வாங்கும்போது பெட்டியில் நிறத்துல்லியம் (CRI) 90க்கு மேல் என்று இருக்கிறதா பாருங்கள். மலிவு எல்இடி வெளிச்சத்தில் சிவப்பும் செம்மஞ்சளும் ஒன்றுபோலத்தான் இருக்கும், நிறக் கோடுகளால் அளவு குறிக்கிற ரெசிஸ்டர்களில் 220 ஓமும் 330 ஓமும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி.

யன்னலுக்கு முகத்தைக் காட்டி மேசையைப் போடாதீர்கள். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது சோல்டர் புகை நேரே மூக்குக்குத்தான் வரும். சோல்டரில் ஈயம் இருப்பதால் அது ஈயப் புகை என்று பலர் பயப்படுகிறார்கள். 350 பாகை அயனில் ஈயம் ஆவியாவதில்லை, அந்தப் புகை ஃப்ளக்ஸில் (சோல்டர் நன்றாக ஒட்ட உதவும் பொருள்) உள்ள ரோசின் என்ற பைன் மரப் பிசினுடையது. ஆனால் அதுவும் ஆஸ்துமாவைக் கொண்டுவரலாம். ஈயம் உள்ளே போவது விரல் வழியாக, ஆகவே தேத்தண்ணிக்கு முன் கை கழுவுங்கள். என் யன்னல் இப்போது இடப்பக்கம், எதிர்ப்பக்கத்தில் புகையை இழுக்க ஒரு பழைய கம்ப்யூட்டர் ஃபேன்.

மேசைக்குப் போகும் கரண்ட் எல்லாம் ஒரே சுவிச்சில், இருந்தபடியே எட்டுகிற தூரத்தில் இருக்கட்டும். வீட்டுக்கு 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிச் (கரண்ட் கசிந்தால் தானாகவே நிறுத்துவது) இல்லையென்றால் முதலில் அதைப் போடுங்கள்.

சுவரில் துளைப் பலகை அடித்து ஆயுதங்களைத் தொங்கவிடுவது படத்தில் அழகு. நானும் அடித்தேன். கடல் காற்று ஒரு மாரி முடிவதற்குள் குறடு, ட்வீசர் எல்லாவற்றையும் துருவாக்கிவிட்டது. இப்போது எல்லாம் மூடி இறுகுகிற பிளாஸ்டிக் பெட்டிக்குள், இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு. பலகையில் பிள்ளையின் தொப்பி தொங்குகிறது.