செம்பனை, பருப்பு, சோறு: கேட்டவர்களுக்குப் பதில்

மலேசியாவில், சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயா பக்கம் செம்பனை (பாமாயில் மரம்) தோட்டத்தில் 31 வருடம் கிராணி (கணக்கர்) வேலை பார்த்தவன் நான். சாப்பாடு, பருவநிலை பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னது தப்பாகப் போய்விட்டது, இவ்வளவு கேள்வி வரும் என்று நினைக்கவில்லை. முடிந்த வரை சொல்கிறேன்.

அங்கிள், யுனிவர்சிட்டியில் படிக்கும் என் மகள், காடு அழிகிறது என்று செம்பனை எண்ணெயே வீட்டுக்குள் வரக்கூடாது என்கிறாள். நாங்கள் பிழைத்ததே அதில்தானே?

மகள் சொல்வது பாதி சரி, தங்கச்சி. மரம் எந்த மண்ணில் நிற்கிறது என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். ஒரு ஹெக்டரில் செம்பனை 3 டன்னுக்கு மேல் எண்ணெய் தரும், சோயா அரை டன் தந்தாலே பெரிது. எல்லாரும் சோயா எண்ணெய்க்கு மாறினால் நிலத்துக்கு எங்கே போவது?

ஆனால் காட்டை வெட்டி, அதிலும் காம்புட் என்கிற சதுப்பு மண்ணில் நட்டால் கதையே வேறு. ராஜா மூசா காட்டோரம் போனவர்களுக்குத் தெரியும், கால்வாய்த் தண்ணீர் தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் ஓடும். அந்த மண் ஆயிரக்கணக்கான வருடம் தண்ணீருக்குள் மக்காமல் கிடந்த இலையும் வேரும்தான். தண்ணீரை வடித்துவிட்டால் காற்றுப் பட்டு மக்கி, கரியமில வாயுவாக வருடக்கணக்கில் போய்க்கொண்டே இருக்கும், மண்ணும் வருடத்துக்குச் சில சென்டிமீட்டர் இறங்கும். நான் முதலில் இருந்த தோட்டத்தில் மரமெல்லாம் குடித்துவிட்டு நிற்கிற மாதிரி சாய்ந்து நிற்கும், லயத்து வாசலில் பழைய படிக்குக் கீழே புதிதாக ஒரு படி கட்டினோம். தீப்பிடித்தால் மண்ணுக்குள்ளேயே வாரக்கணக்கில் புகையும். செம்பனையை ஒழுங்காகப் பயிரிடுகிறார்கள் என்பதற்கான மலேசியாவின் எம்எஸ்பிஓ சான்றிதழ் 2020 முதல் கட்டாயம், அதற்காக எல்லாமே சுத்தம் என்று சத்தியம் பண்ண மாட்டேன். எண்ணெயை நிறுத்த வேண்டாம், பஜ்ஜி சட்டியில் கொஞ்சம் குறைத்து ஊற்றுங்கள்.

பருப்பு கனடா, ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வருகிறதே, அது மட்டும் நல்லதா?

நல்லதுதான். கப்பலில் வருவதற்கு ஆகும் புகை, கிலோவுக்கு என்று பார்த்தால் ரொம்பக் குறைவு. விமானத்தில் வரும் பழத்துக்குத்தான் அதிகம். பருப்புச் செடி காற்றிலிருக்கும் நைட்ரஜனைத் தன் வேர் முடிச்சில் தானே சேர்த்துக்கொள்ளும், யூரியா மூட்டை அவ்வளவாகத் தேவைப்படாது. 2018-இல் பூர், நெமெசெக் என்ற இருவர் 119 நாடுகளின் சுமார் 38,700 பண்ணைகளை வைத்துப் போட்ட கணக்கு ஒன்று உண்டு. 100 கிராம் புரதத்துக்கு வெளியாகும் வாயு, கரியமில வாயுக் கணக்கில், ஆட்டிறைச்சிக்கு ஏறக்குறைய 20 கிலோ, கோழிக்கு 6, டோஃபுவுக்கு 2, பட்டாணிக்கு அரைக் கிலோகூட இல்லை.

அப்போ தீபாவளிக்கு ஆட்டுக்கறி கிடையாதா அண்ணே?

யார் சொன்னது? எனக்கும் ஒரு பார்சல் வையுங்கள். வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை சமைப்பதைப் பற்றித்தான் பேச்சு.

சோறும் பூமியின் சூட்டைக் கூட்டுகிறதாமே, உண்மையா?

உண்மை. வயலில் தண்ணீர் நின்றுகொண்டே இருந்தால் சேற்றில் காற்று இருக்காது, அங்கே மீத்தேன் என்கிற, பூமியைச் சூடேற்றும் வாயு உண்டாகி நெல் தண்டு வழியாகவே மேலே வந்துவிடும். அதனால் சோற்றை விட வேண்டியதில்லை, வயலில்தான் வழி இருக்கிறது. ஓட்டை போட்ட பைப்பை வயலில் புதைத்து, தண்ணீர் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கும் வரை விட்டு, அப்புறம் பாய்ச்சுவார்கள். பூக்கிற சமயம் மட்டும் காயவிடக் கூடாது. இப்படிச் செய்தால் மீத்தேன் சுமார் 30 விழுக்காடோ அதற்கு மேலோ குறைகிறது, தண்ணீரும் மிச்சம். தஞ்சோங் காராங்கில் வயல் வைத்திருக்கும் சொந்தக்காரர் இருந்தால் சொல்லிப் பாருங்கள், "எனக்கே பாடமா" என்று முறைப்பார், பரவாயில்லை.

வீட்டுக்குப் பின்னால் தண்டுக்கீரை போட்டிருக்கிறேன். யூரியா எவ்வளவு போடலாம் ஐயா?

நான் செய்ததைச் செய்யாதீர்கள். ஒரு தடவை பால் டின் நிறைய அள்ளி வீசினேன், மூன்றாம் நாள் இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது. செடி எடுத்துக்கொள்ளாத உரத்தில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாகக் காற்றில் ஏறும், அது கரியமில வாயுவைவிட 270 மடங்குக்கு மேல் சூடேற்றும். ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி, அதுவும் மாதம் ஒரு தடவை போதும். காய்கறித் தோலைக் குப்பை லோரிக்குக் கொடுக்காமல் குழி வெட்டி மண் போட்டு மூடுங்கள், கோழி வந்து கிளறாமல் மேலே ஒரு தகரம் வைக்க மறக்காதீர்கள்.