பாட்டியின் கூறைப்புடவை மடிப்பில் விட்டுப்போயிருக்கிறது, சரிசெய்து என் கல்யாணத்துக்குக் கட்டலாமா?

கட்டாதீர்கள். இதைச் சொல்ல எனக்கே மனசு கஷ்டமாக இருக்கிறது. அறுபது வருஷத்துக்கு மேலான காஞ்சிபுரம் பட்டு, மடிப்புக்கு மடிப்பு விட்டிருக்கிறது, ஜரிகை கறுத்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைக் கொசுவம் வைத்துச் செருகி, மணையில் நாலு தடவை உட்கார்ந்து எழுந்தால் முகூர்த்தம் முடிவதற்குள் கிழிந்துவிடும். ஆனால் புடவையைக் காப்பாற்றலாம். கல்யாணத்தில் அதற்கு ஓர் இடமும் கொடுக்கலாம்.

எங்கள் பாட்டியின் கூறை அரக்கில் ஒன்பது கஜம். அவர் போன பிறகு டிரங்குப் பெட்டியிலிருந்து அம்மா அதை எடுத்தார். நன்றாக இருக்கட்டும் என்று பாலிஷுக்குக் கொடுத்தோம். அதுதான் நாங்கள் செய்த பெரிய தப்பு. திரும்பி வந்தபோது பளபளவென்றுதான் இருந்தது, ஆனால் கஞ்சி போட்டு விறைத்த பட்டு. அம்மா மடிப்பைப் பிரித்தார், காய்ந்த வாழைச்சருகு கிழிகிற மாதிரி ஒரு சத்தம். ஒரு சாண் நீளத்துக்கு விட்டுவிட்டது. அம்மா அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை.

பட்டு ஏன் மடிப்பில் விடுகிறது என்பது அப்புறம்தான் புரிந்தது. ஒரே மடிப்பில் வருஷக்கணக்காக இருக்கும்போது அந்தக் கோட்டில் உள்ள இழைகள் மட்டும் வளைந்து வளைந்து இற்றுப்போகின்றன. கல்யாணத்தன்று பட்ட வியர்வையின் உப்பும், பெட்டிக்குள் இருந்த ஈரமும் சூடும் மிச்ச வேலையைச் செய்துவிடுகின்றன. இதோடு ஜரிகையின் கனம் வேறு. காஞ்சிபுரம் கோர்வைப் புடவையில் கரையையும் உடலையும் தனித்தனி நாடாவில் (குறுக்கு இழையைக் கொண்டுபோகும் தறிக்கட்டை) நெய்து, ஊடை என்கிற அந்தக் குறுக்கு இழைகளைக் கோத்துக்கொண்டே வருவார்கள். கனமான கரை மெல்லிய உடலை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் பழைய பட்டை ஹேங்கரில் மாட்டவே கூடாது.

கறுத்த ஜரிகையைத் தேய்க்க வேண்டாம். அசல் ஜரிகை என்பது பட்டு இழைமேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. கறுப்பாகத் தெரிவது காற்றில் உள்ள கந்தகம் பட்டுக் கறுத்த வெள்ளி. புளி, எலுமிச்சை, பற்பசை என்று எதைப் போட்டுத் தேய்த்தாலும் இருக்கிற கொஞ்சநஞ்ச முலாமும் போய்விடும்.

தண்ணீரிலும் போடாதீர்கள். ஓரத்தில் ஈரப் பஞ்சை ஒற்றிப் பாருங்கள், அரக்கும் சிவப்பும் பெரும்பாலும் பஞ்சில் இறங்கும். எங்களுடையது இறங்கியது. அதனால் புடவையைப் பாய்மேல் வெள்ளை வேட்டி விரித்துப் பரப்பி, மேலே கொசுவலைத் துண்டு ஒன்றைப் போட்டு, வாக்குவம் கிளீனரைக் குறைந்த வேகத்தில் வைத்துத் தூசியை மட்டும் எடுத்தோம். வலை இருப்பதால் இற்ற இழைகள் உறிஞ்சப்படாது.

முந்தானை ஓரத்தில் ஒரு மஞ்சள் கறை இருந்தது. முடிச்சுப் போட்ட இடம். சுருக்கம்கூட அப்படியே இருந்தது, விரலால் தொட்டால் தெரியும். சித்தி சோப்பு போட்டுப் பார்க்கலாம் என்றார். நல்லவேளை, போடவில்லை. சோப்பின் காரம் பட்டால் மஞ்சள் சிவந்துவிடும், துணியும் பாழாகும். அது கறையாக இருந்தாலும் பாட்டியின் கல்யாண நாள் அதில்தான் இருக்கிறது. உங்கள் புடவையிலும் அப்படி ஏதாவது இருந்தால் விட்டுவிடுங்கள்.

இனி கிழிசல். டெய்லர்கள் ஃப்யூசிங் துணியை வைத்து இஸ்திரி போட்டு ஒட்டித் தருகிறேன் என்பார்கள். வேண்டாம். பசை நாளாக ஆகப் பழுத்துக் கெட்டியாகும், பிரிக்கவும் முடியாது. எங்கள் அத்தை செய்தது இது: புடவையின் நிறத்திலேயே மெல்லிய பட்டுத் துணி வாங்கி, நனைத்துச் சாயம் போகவில்லை என்று பார்த்துக்கொண்டு, கிழிசலுக்கு அடியில் நாலு பக்கமும் இரண்டு அங்குலம் கூடுதலாக இருக்கும்படி வைத்தார். மிக மெல்லிய ஊசி, ஒற்றைப் பட்டு இழை. கிழிசலின் விளிம்பில் குத்தவே இல்லை. தள்ளித் தள்ளி, துணி கெட்டியாக இருக்கும் இடத்தில் மட்டும் குத்தி, நீள இழைகளைக் கிழிசலின் குறுக்கே படுக்க வைத்து, அவற்றைச் சின்னத் தையலால் பிடித்தார். இழுத்துத் தைக்கவில்லை. பாலியஸ்டர் நூல் பழைய பட்டை அறுத்துவிடும் என்று அதைத் தொடவும் விடவில்லை. ஒரு சாண் கிழிசலுக்கு மூன்று மத்தியானம் ஆனது. பொறுமை இருந்தால் நீங்களே செய்யலாம்.

புடவையைப் பத்திரமாக எடுத்து வைப்பது எப்படி என்றும் கேட்டிருந்தீர்கள். மல் துணியை இரண்டு முறை அலசிக் கஞ்சியை எடுத்துவிட்டு அதில் சுற்றுங்கள். மடிக்கும் ஒவ்வொரு இடத்திலும் மல் துணியையே சுருட்டி உள்ளே வைத்தால் மடிப்பு கூராக விழாது. பிளாஸ்டிக் கவர், அட்டைப் பெட்டி, ரப்பர் பேண்ட் எதுவும் வேண்டாம். அந்துருண்டை ஜரிகையில் படக்கூடாது. எங்கள் வீட்டில் வசம்பைத் துணியில் முடிந்து பீரோவின் மூலையில் வைக்கிறோம். பீரோ வெளிச்சுவரை ஒட்டி இருந்தால் நகர்த்துங்கள், ஐப்பசி கார்த்திகையில் சுவர் ஓதம் காக்கும். வருஷத்துக்கு இரண்டு முறை நிழலில் எடுத்து மடிப்பை மாற்றுங்கள். நாங்கள் தையிலும் ஆடியிலும் மாற்றுகிறோம்.

பழைய பட்டு எடுக்கிறவர்கள் தெருவில் வருவார்கள். அவர்கள் துணியை எரித்து வெள்ளியை எடுப்பதற்குத்தான் வாங்குகிறார்கள். வீட்டில் யாராவது கொடுத்துவிடாமல் இப்போதே சொல்லி வையுங்கள்.

சரி, கல்யாணத்துக்கு என்ன செய்வது? காஞ்சிபுரத்தில் பழைய புடவையைப் பார்த்து அதே மாதிரி நெய்து தரும் நெசவாளர்கள் இருக்கிறார்கள். கரையையும் முந்தியையும் பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். என் தங்கை அப்படி நெய்ததைத்தான் கட்டினாள். பாட்டியின் கூறையைத் தாம்பாளத்தில் மல் துணி விரித்து, முந்தி தெரியும்படி வைத்து, பூவும் குங்குமமும் மேலே படாமல் மணைக்குப் பக்கத்தில் வைத்தோம். பெரியவர்களிடம் போன தாம்பாளங்களில் அதுவும் ஒன்று. தொட்டு ஆசீர்வாதம் செய்த எல்லோரும் அந்த முடிச்சுச் சுருக்கத்தைத்தான் தடவிப் பார்த்தார்கள்.

இன்னொன்று. யாருடைய புடவை, எந்த வருஷம், எங்கே எடுத்தது, எங்கெங்கே தைத்திருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி மல் துணிக்கு வெளியே வையுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் ஊறிப் பட்டில் இறங்கிவிடும்.