கேமராப் பெட்டி: அப்பியா சாலையில் கொஞ்சம் குனிந்து பாருங்கள்

சார், டிசம்பரில் குடும்பத்தோடு ரோம் போகிறோம். வயா அப்பியா என்கிற பழைய ரோமானியச் சாலையைப் படமெடுத்து, பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஹாலில் மாட்ட ஆசை. ஆனால் பார்க்கிற படமெல்லாம் ஒரே மாதிரி: இரண்டு பக்கமும் பைன் மரம், நடுவில் நீண்டுகொண்டே போகும் சாலை. இதில் ஃபைன் ஆர்ட் எங்கே வருகிறது? – செம்பூர் வாசகர்

வராது. அந்தப் படத்தையும் ஒன்று எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள், மாமா சித்தப்பா எல்லாரும் கைதட்டட்டும், அப்புறம் வேலையை ஆரம்பிக்கலாம்.

அந்தச் சாலையில் பார்க்க வேண்டியது தூரத்தில் இல்லை, காலடியில் இருக்கிறது. கி.மு. 312-ல் அப்பியஸ் கிளாடியஸ் என்ற ரோமானிய அதிகாரி ரோமிலிருந்து கபுவா வரை போட ஆரம்பித்த சாலை இது, பிறகு பிரிண்டிசி துறைமுகம் வரை நீண்டது. ஆரம்பத்தில் சரளைதான். எரிமலைக் குழம்பு உறைந்த கல்லைக் கோணம் கோணமாகச் செதுக்கிப் பாவியதெல்லாம் பிற்பாடு. 6-ஆம் நூற்றாண்டில் அதைப் பார்த்த புரோகோப்பியஸ் என்ற வரலாற்றாசிரியர், கற்கள் பொருத்தி வைத்த மாதிரி இல்லை, ஒன்றோடொன்று சேர்ந்தே வளர்ந்த மாதிரி இருக்கின்றன என்று வியந்திருக்கிறார். அப்போதே அந்தச் சாலைக்கு வயது எண்ணூறைத் தாண்டிவிட்டது! இன்று விளிம்பெல்லாம் மழுங்கி, இடுக்கில் புல் முளைத்து, நம் பாட்டி வீட்டு அம்மி நடுவில் குழிந்து வழவழத்துப் போயிருக்குமே, அப்படிக் கிடக்கின்றன. சில கற்களில் சக்கரத் தடம் பள்ளமாகவே விழுந்திருக்கும். தேர் ஓடிய தடம் என்று கூட வருகிறவர் கதை விடுவார், நம்பாதீர்கள், பெரும்பாலும் இரும்புப் பட்டை அடித்த சக்கரத்தோடு மூட்டை ஏற்றிப் போன சாதாரண வண்டிகளின் வேலை அது.

நகர மதிலை ஒட்டிய பகுதியில் இந்தக் கற்களைத் தேடி ஏமாறாதீர்கள், அங்கே கார் ஓடுகிறது. செசிலியா மெடெல்லா என்ற ரோமானியப் பெண்மணியின் வட்டமான கல்லறையைத் தாண்டித் தெற்கே நடந்தால்தான் பழைய பாவுகற்கள் நன்றாகத் தெரியும்.

டிசம்பர் என்பது உங்கள் அதிர்ஷ்டம். சாலை ரோமிலிருந்து தென்கிழக்கே போகிறது, டிசம்பரில் சூரியன் உதிப்பதும் தென்கிழக்கில்தான். அதனால் காலை எட்டு மணி வாக்கில் ரோமுக்கு முதுகைக் காட்டி நின்றால் வெயில் எதிரிலிருந்து தாழ்வாகக் கற்களை உரசிக்கொண்டு வரும், ஒவ்வொரு கல்லின் மேடும் மின்னும், ஒவ்வொரு இடுக்கும் கறுக்கும். தூங்கிவிட்டாலும் பாதகமில்லை. டிசம்பர் கடைசியில் அங்கே உச்சி வேளையில்கூட சூரியன் 25 பாகைக்கு மேல் ஏறுவதில்லை, அதே நாளில் நம் மும்பையில் 47 பாகை. ஜூனில் போகிறவர்களுக்கு இது தலைகீழ்: மாலை எட்டு மணிக்கு ரோமைப் பார்த்து நிற்க வேண்டும்.

கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்குங்கள். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 24 மி.மீ. லென்ஸ், லென்ஸின் திறப்பு எஃப் 11, ஃபோகஸை இரண்டு மீட்டரில் வைத்துவிட்டால் ஒரு மீட்டரிலிருந்து கடைசி மரம் வரை எல்லாம் கூர்மையாக வரும், அப்புறம் ஃபோகஸைத் தொடவே வேண்டாம். வானத்தை முழுக்க வெட்டிவிட்டு சில படங்கள் எடுத்துப் பாருங்கள். முதலில் மனசு ஒப்பாது. ஆனால் வானம் போனவுடன் அது சுற்றுலாப் படமாக இருப்பதை நிறுத்திவிடுகிறது.

ஃபைன் ஆர்ட் எங்கே என்றீர்களே, அது இங்கேதான். ஒன்றைத் தீர்மானித்துவிட்டு அதையே பிடிவாதமாகச் செய்வது. ஒரே உயரம், ஒரே லென்ஸ், கல் மட்டும் என்று நாலைந்து படம் வரிசையாகச் சுவரில் தொங்கினால், பார்க்கிறவர் ரோமைக் கேட்க மாட்டார், கல்லைப் பார்ப்பார். கல்லை மட்டும் எடுக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு: அங்கே 'பழமை'யாகத் தெரியும் காட்சியிலேயே பாதி ஒருவர் ஜோடித்தது. 1850-களில் லூயிஜி கனினா என்ற கட்டடக் கலைஞர், சிதறிக் கிடந்த கல்லறைத் துண்டுகளைச் செங்கல் சுவர்களில் பதித்து ஓரமாக நிற்க வைத்தார். அதற்கும் நூறு வருடம் முன்னால், 1756-ல், பிரனேசி என்ற இத்தாலியச் சித்திரக்காரர் கல்லறையும் சிலையுமாக மலைபோலக் குவித்து ஒரு கற்பனை அப்பியா சாலையையே தகட்டில் செதுக்கி அச்சிட்டுவிட்டார். பிரமாண்டத்தில் அவரோடு நாம் போட்டி போட முடியாது.

போன் போதுமா? – முலுண்ட் வாசகி

போதும். 12 மெகாபிக்சல் படத்தை ஏ3 அளவில் அடித்தால் அங்குலத்துக்குச் சுமார் 240 புள்ளி கிடைக்கும், சுவரில் மாட்ட அது தாராளம். ரா ஃபைலில் (போன் மெருகேற்றாத மூலப் படமாக) எடுங்கள், ஜூம் செய்யாமல் நடந்து கிட்டே போங்கள்.

கருப்பு வெள்ளையா, கலரா? எனக்கு வகுப்பெடுத்தவர் "பழைய பொருள் என்றால் கருப்பு வெள்ளைதான்" என்று அடித்துச் சொல்கிறார். – மாட்டுங்கா வாசகர்

பழசுக்கும் கருப்பு வெள்ளைக்கும் என்ன சம்பந்தம்? அந்தக் கல் ஏற்கெனவே சாம்பல் நிறம், அதிலிருந்து கலரை எடுத்தால் பெரிதாக ஒன்றும் போகாது. போவது இடுக்கில் இருக்கும் பாசியின் பச்சை. அந்தப் பச்சைதான் படம் என்றால் கலரிலேயே விடுங்கள். வெளிச்சமும் நிழலும்தான் படம் என்றால் கருப்பு வெள்ளைக்குப் போங்கள், ஆனால் ஒரே பட்டனை அழுத்தி மாற்றாமல், பச்சையை மட்டும் தனியாகக் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள், புல் வெளுத்து ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகப் பிரியும். மழை பெய்து கல் நனைந்திருந்தால் பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரைக் கழற்றிப் பையில் வையுங்கள். காசு கொடுத்தாலும் கிடைக்காத மினுக்கம் அது, அதைப் போய் ஃபில்டர் போட்டுத் துடைப்பானேன்?

செம்பூர்க்காரர் பெரிதாகப் பிரிண்ட் போடுவதாகச் சொன்னாரே, அது பற்றியும் ஒரு வார்த்தை. பளபளப்பில்லாத மேட் காகிதத்தில் கல்லின் சொரசொரப்பு அழகாக வரும், ஆனால் கறுப்பு அவ்வளவு ஆழமாக இறங்காது. இடுக்குகளின் கறுப்புதான் முக்கியம் என்றால் லேசான பளபளப்புள்ள பரைட்டா காகிதம் கேளுங்கள். முதலில் சின்னதாக ஒன்று அடித்துப் பார்த்துவிட்டுப் பெரிசுக்குப் போங்கள்.

அண்ணா, ரோமுக்கெல்லாம் நமக்கு வழியில்லை. இங்கேயே இந்த மாதிரிப் பழகலாமா? – தாராவியிலிருந்து ஒரு தம்பி

தாராளமாகத் தம்பி. மும்பை நிற்பதே எரிமலைக் குழம்பு உறைந்த பாறை மேல்தான். போரிவிலி நேஷனல் பார்க்குக்குள் கன்ஹேரி குகைகளுக்குப் போ. பாறையிலேயே வெட்டிய படிகள், தண்ணீர் ஓட வாய்க்கால், நூற்றாண்டுக் கணக்கில் கால் பட்டுத் தேய்ந்த விளிம்பு, எல்லாம் இருக்கிறது. திங்கட்கிழமை விடுமுறை. மழைக்காலத்தில் போனால் படி பளபளக்கும், வழுக்கவும் வழுக்கும், நல்ல செருப்புப் போட்டுக்கொள். எல்லாரும் புத்தர் சிலைக்கு எதிரில் நிற்பார்கள், நீ படியிலேயே உட்கார். உன் படங்கள் ரோமில் எடுத்ததைவிடக் குறைச்சலாக இருக்காது, எனக்கு அனுப்பு.

ரோமானியச் சாலைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? நம் ஊர்ப் பெருமையை எழுதக் கூடாதா? – வாஷி வாசகர்

எழுதலாமே. நம் மேற்குக் கரையிலிருந்து போன மிளகு அலெக்சாண்டிரியா வழியாக நேப்பிள்ஸ் பக்கத்துப் புத்தியோலி துறைமுகத்தில் இறங்கியது. ரோமப் பேரரசர் டொமிஷியன் கி.பி. 95-ல் அந்த ஊரை அப்பியா சாலையோடு இணைக்கத் தனிச் சாலையே போட்டார், ரோமில் மிளகுக்கென்று கிடங்கும் கட்டினார். அந்தத் தடங்களில் நம் மிளகு மூட்டையின் பாரமும் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம். உங்கள் பக்கத்துக் கல்யாணும் சோபாராவும்கூட அந்தக் காலத்துக் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பில் வருகிற ஊர்கள்தான்.

எடுத்த படத்தை விற்கலாமா? – மீண்டும் செம்பூர் வாசகர்

முதலில் எடுங்கள் சார்! வீட்டில் மாட்டுவதற்கு யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஆனால் இத்தாலியில் அரசின் பண்பாட்டுச் சொத்துகளைப் படமெடுத்து வணிகத்துக்குப் பயன்படுத்த அனுமதியும் கட்டணமும் கேட்கும் சட்டம் இருக்கிறது. விற்கிற எண்ணம் வந்தால் கிளம்புவதற்கு முன்பே அந்தத் தொல்லியல் பூங்கா அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டுவிடுங்கள்.