மிக்கி மவுஸின் விரல்களும் யோகி கரடியின் கழுத்துப்பட்டியும்

கேள்வி: எங்கள் முன்பள்ளிச் சுவரில் அண்மையில் மிக்கி மவுஸை வரைவித்தோம். ஐந்து வரை எண்ணப் பழகும் பிள்ளையொன்று அதன் கையைத் தொட்டுத் தொட்டு எண்ணிவிட்டு, "ரீச்சர், ஒரு விரலைக் காணவில்லை" என்றது. பெற்றோர் சிலரும் பிழையைத் திருத்தச் சொல்கிறார்கள். ஐந்தாவது விரலைச் சேர்க்கலாமா?
(முன்பள்ளி ஆசிரியை, உப்புவெளி, திருகோணமலை)

பதில்: தயவுசெய்து சேர்க்க வேண்டாம். உங்கள் ஓவியர் சரியாகவே வரைந்திருக்கிறார். அதைக் கண்டுபிடித்த பிள்ளையின் கண்ணை நான் மிகவும் மெச்சுகிறேன்.

பெருவிரலோடு சேர்த்து மிக்கிக்கு நான்கு விரல்கள்தான். சின்ன எலியின் கையில் ஐந்து விரல்களை அடுக்கினால் அது வாழைச்சீப்புப் போலத் தெரியும் என்பது வோல்ட் டிஸ்னி சொன்ன காரணங்களுள் ஒன்று. மற்றது வேலைச் சுமை. திரையில் ஒரு வினாடிக்கு 24 சட்டங்கள், அதாவது தனித்தனிப் படங்கள், ஓடுகின்றன என்பதால், ஏழு நிமிடப் படமொன்றுக்கு 10,080 சட்டங்கள் வேண்டும். ஓர் ஓவியத்தை இரண்டு சட்டங்களுக்குப் பயன்படுத்தினாலும், ஓர் உருவத்தை 5,040 தடவை கையால் வரைந்தாக வேண்டும். கைக்கு ஒரு விரலைக் குறைத்தால் 10,080 விரல்கள் மிச்சமாகின்றன. அந்த ஓவியங்கள் ஒவ்வொன்றையும் செலுலொயிட் என்ற ஒளிபுகும் தாளில் மையால் மறுபடி பிரதி எடுத்து வண்ணம் பூசிய காலம் அது என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

கையுறையின் கதை இன்னும் அழகானது. 1928இல் வெளிவந்த 'ஸ்டீம்போட் வில்லி'யில் மிக்கியின் கைகள் வெறும் கைகளே. படம் கறுப்பு வெள்ளை, உடம்பும் கறுப்பு, கையும் கறுப்பு. ஆகவே கையை மார்புக்கு நேரே கொண்டுவந்த கணத்தில் அது உடம்போடு கரைந்து காணாமற்போகும். 1929இல் 'ஒப்ரி ஹவுஸ்' என்ற படத்தில் வெள்ளைக் கையுறை வந்த பிறகே, அந்தக் கை எங்கே நின்றாலும் கண்ணுக்குப் பட்டது. வண்ணப் படங்கள் வந்து அந்தத் தேவை தீர்ந்த பின்னரும் கையுறை கழற்றப்படவில்லை. அதன் புறங்கையில் உள்ள மூன்று கறுப்புக் கோடுகளை உங்கள் ஓவியர் விட்டிருந்தால், திருத்த வேண்டியது அதுதான். காதுகளையும் ஒருமுறை பாருங்கள்: முகம் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவை இரண்டு முழு வட்டங்களாகவே இருக்க வேண்டும். உண்மை எலிக்கு அது நடவாத காரியம். ஆனால் தூரத்தில் நிழலாகத் தெரிந்தாலும் இது மிக்கி என்று பிள்ளைகள் கூவுவது அந்த வட்டங்களால்தான்.

கேள்வி: யோகி கரடிக்குச் சட்டையே இல்லை. ஆனால் வெள்ளைக் கொலரும் ரையும் எதற்கு?
(தரம் 9 மாணவன், பாலையூற்று, திருகோணமலை)

பதில்: தம்பி, அந்தக் கொலர் ஒரு பொருத்தை மறைக்கிறது. 'ரொம் அன்ட் ஜெரி'யைப் படைத்த ஹனாவும் பார்பேராவும் 1957இல் தொலைக்காட்சிக்கு வந்தபோது, முன்பு கிடைத்த பணத்தில் சிறு பங்குகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆகவே 1958இல் வந்த யோகியின் உடம்பை ஓர் ஒளிபுகும் தாளிலும் தலையை வேறொரு தாளிலும் வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார்கள். யோகி பேசும்போது தலையை மட்டும் மாற்றி வரைந்தால் போதும். இரண்டும் சேரும் கோடு கழுத்தில் தெரியாமல் இருக்கவே அந்தக் கொலர். 1960இல் வந்த 'பிளின்ட்ஸ்டோன்ஸ்' கதை கற்காலத்தில் நடந்தாலும், அதன் நாயகன் பிரெட் ரை கட்டியிருப்பது எனக்கு அதே வேலைத் தந்திரமாகவே தெரிகிறது. அடுத்த முறை யோகி நின்றபடி நீளமாகப் பேசும் காட்சி வந்தால், முகத்தை விட்டுவிட்டு ரைக்குக் கீழே மட்டும் உற்றுப் பாருங்கள். வயிறு அசையாமல் நிற்கும்.